லாவா: ஓடும்போது குழம்பு, உறைந்த பிறகு?

லாவா என்றால் எரிமலைக் குழம்பு. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். செய்திகளிலும் ‘எரிமலைக் குழம்பு ஊருக்குள் புகுந்தது’ என்றுதான் வருகிறது. சொல்லில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எரிமலைத் தீவு ஒன்றை ஒருநாள் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அது காலை வாரிவிடும். அங்கே லாவாவின் மேல் நடக்கிறார்கள், லாவாவின் மேல் சாலை போடுகிறார்கள், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு லாவாவுக்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள். குழம்பின் மேல் எப்படி நடப்பது?

இந்தச் சிக்கல் ஏன் வந்தது என்று தெரிய, சொல் பிறந்த ஊருக்குப் போக வேண்டும். அது இத்தாலியின் நேப்பிள்ஸ். வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்து ஊர். அங்கே ‘லாவா’ என்பது முதலில் எரிமலையோடு சம்பந்தமே இல்லாத சொல். திடீர் மழையில் தெருவெல்லாம் புரண்டு ஓடும் தண்ணீருக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. கழுவுதல் என்று பொருள்படும் ‘லவாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. சரிவு, வீழ்ச்சி என்று பொருள்படும் ‘லாபெஸ்’ என்ற சொல்தான் மூலம் என்பது இன்னொன்று. எதுவானாலும், மலையிலிருந்து இறங்கி ஓடிவரும் ஒன்றைக் குறித்தது. 1737-இல் வெசுவியஸ் வெடித்தபோது அதைப் பற்றி எழுதிய பிரான்செஸ்கோ செராவோ என்ற மருத்துவர், மலைச்சரிவில் இறங்கிய நெருப்பொழுக்கை மழைவெள்ளத்தோடு ஒப்பிட்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்புறம் ஐரோப்பிய மொழிகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. ஆக, லாவா என்ற பெயரில் பொருளைவிட ஓட்டம்தான் முன்னால் நிற்கிறது.

அதன் உடன்பிறப்பான ‘மாக்மா’வின் கதை வேறு. பிசைதல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. பிசைந்து வைத்த களிம்பு, பூசும் பசை என்றெல்லாம் பொருள். நிலத்துக்கு அடியில் இருக்கும்வரை மாக்மா. வாயுக்களை வெளியே விட்டுத் தரைக்கு மேல் வந்தால் லாவா.

இப்போது தமிழுக்கு வருவோம். மாக்மாவைப் பாறைக் குழம்பு, கற்குழம்பு என்கிறோம். லாவாவை எரிமலைக் குழம்பு என்கிறோம். இரண்டுக்கும் பொது உறுப்பு ‘குழம்பு’. இன்று இந்தச் சொல்லைக் கேட்டவுடன் வத்தல்குழம்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சமையலறை அதன் ஒரு வீடு மட்டுமே. குழை, குழைவு, குழப்பு என்று ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. சந்தனக் குழம்பு என்று இலக்கியத்தில் வருவது மார்பில் பூசும் பசை. மருந்துக் குழம்பும் உண்டு. அப்படிப் பார்த்தால், பூசும் பசை என்ற பொருளிலிருந்து வந்த மாக்மாவுக்குக் குழம்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. யார் முதலில் அமைத்தாரோ, காது உள்ளவர். லாவாவுக்கு அதே சொல்லை நீட்டியபோதுதான் பாதிப் பொருள் வெளியே நின்றுவிட்டது. ஏனென்றால் ஐரோப்பிய மொழிகளில் லாவா ஓடும் நெருப்பையும் குறிக்கும், ஓடி முடித்து ஆறிக் கல்லானதையும் குறிக்கும். நம் குழம்பு இறுகியதும் குழம்பாக இருப்பதில்லை.

ரீயூனியன் தீவுக்குப் போனால் இது பளிச்சென்று தெரியும். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குப் பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. தமிழருக்கு முற்றிலும் அந்நியமான இடம் கிடையாது. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள். அவர்களை ‘மல்பார்’ என்று அழைப்பது வழக்கம், பெரும்பாலோர் மலபாரிலிருந்து போகாதபோதும். ஒருநாள் சுற்றுலாவில் மதியம் வரும் சோறு, பருப்பு, ‘காரி’ என்ற சாப்பாட்டில் அந்தக் ‘காரி’ நம் கறிதான். முருங்கைக்கீரையும் ‘முருங்’ என்ற பெயரில் தட்டுக்கு வரும். அதாவது, தீவின் உண்மையான குழம்பு கறி என்ற பெயரில் இருக்கிறது. நாம் குழம்பு என்று பெயரிட்டது கல்லாகக் கிடக்கிறது.

சுற்றுலா வண்டிகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். முற்பகல் தாண்டினால் மேகம் ஏறி மலையை மூடிவிடும் என்பதால் வழிகாட்டிகள் இதில் கறாராக இருப்பார்கள். பசும்புல்வெளியும் மாடுகளுமாக இருக்கும் மேட்டுநிலத்தைக் கடந்து போனால், ஒரு வளைவில் பச்சை சட்டென்று நின்றுபோகிறது. கீழே ‘ப்ளேன் தெ சாப்ல்’ என்ற மணல் சமவெளி. மணல் என்று பெயர். அள்ளிப் பார்த்தால் எரிமலை கக்கிய பொடிக்கல். கறுப்பும் துரு நிறமுமாகக் கையில் சொரசொரக்கும். அதன் குறுக்கே போகும் பாதையின் முடிவில் ‘பா தெ பெல்கோம்ப்’. கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பு. எதிரே நிற்கிறது ‘பித்தோன் தெ லா ஃபூர்னேஸ்’, 2,632 மீட்டர். ஃபூர்னேஸ் என்றால் உலை. பெயரை வீணாக வைக்கவில்லை: 17-ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவானவை மட்டும் 150 வெடிப்புகளுக்கு மேல். மலை பொங்கும் அறிகுறி தெரிந்தால் அடிவாரத்துக்கு இறங்கும் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கு விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கதவு திறந்திருக்கும் நாளில் படியிறங்கிப் போனால் முதலில் வருவது ‘ஃபோர்மிக்கா லியோ’ என்ற சின்னக் கூம்பு. 1753-இல் உருவானது. மணலில் கூம்புக் குழி தோண்டி அடியில் உட்கார்ந்துகொண்டு எறும்பைப் பிடிக்குமே, குழிநரிப் பூச்சி, அதன் பெயரைத்தான் லத்தீனில் இதற்கு வைத்திருக்கிறார்கள். உச்சியில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவரை மெச்சத் தோன்றும். கல்லில் உள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடித்ததால் கூம்பு முழுக்கச் செக்கச்சிவப்பு. அதைத் தாண்டியதும் காலடியில் லாவா.

அதுவும் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் வழவழப்பாக, அடுத்தடுத்து வடம் சுருட்டி வைத்தது போன்ற மடிப்புகள். மேற்பரப்பு ஆறிப் பாலாடையாகப் படிய, அடியில் இன்னும் ஓடுவது அந்த ஆடையை இழுத்துச் சுருக்கிவிடுவதால் வருவது. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கயிற்று லாவா என்கிறார்கள். பத்தடி தள்ளி இன்னொன்று: உடைந்த கட்டிகளும் முட்களுமாக, செருப்போடு போனால் செருப்பு போச்சு. இதற்கு உள்ளூர் கிரியோல் மொழியில் ‘கிராத்தோன்’ என்று பெயர். பன்றித் தோலை மொறுமொறுவென்று பொரித்துத் தின்கிறார்கள் அல்லவா, அதன் பெயர். அறிவியல் நூல்களில் இவ்விரண்டும் பாஹோயிஹோயி, ஆஆ என்ற ஹவாய்ப் பெயர்களோடு இருக்கின்றன. தமிழில் நான் கயிற்றுப் பாறை, கரட்டுப் பாறை என்றே எழுதுவேன். கரடு என்று நம் ஊர்களில் சொல்வது எதை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலாவதற்கு முறுக்குப் பாறை என்று ஒரு நண்பர் சொன்னார். ஏற்கெனவே குழம்பு இருக்கிறது, பலகாரமும் சேர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிற்பகலில் வண்டி கடலோரத்துக்கு இறங்கும். தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரை. எரிமலை பல முறை கடல்வரை இறங்கிய சரிவு இது. ‘கிரான் ப்ரூலே’, பெரிய எரிந்த நிலம், என்று பெயர். நெடுஞ்சாலை கறுப்புக் கல்வெளிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பலகை, அதில் ஓர் ஆண்டு. வழிகாட்டி இங்கே லாவா என்ற சொல்லைக்கூட அதிகம் சொல்ல மாட்டார், ‘கூலே’ என்பார். ஓட்டம், ஒழுக்கு என்று பொருள். 1977 கூலே, 2004 கூலே, 2007 கூலே. நேப்பிள்ஸ்காரர்களின் மழைவெள்ளம் இங்கே வேறு சொல்லில் திரும்பி வந்துவிட்டது. வெள்ளத்துக்கும் இந்த மலைக்கும் நேரடியாகவே உறவு உண்டு: 1966 ஜனவரியில் இதே மலைச்சரிவில் உள்ள ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலக சாதனை. சென்னையில் சராசரியாக ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

1977-இல் ஓடியது வழக்கமான எல்லையைத் தாண்டி பித்தோன் செந்த்-ரோஸ் என்ற ஊருக்குள் நுழைந்தது. வீடுகள் போயின. மாதா கோயிலுக்கு வந்தபோது இரண்டாகப் பிரிந்து சுவரை ஒட்டி வளைந்து போனது. வாசலில் ஏறிய கறுப்புக் கல் இன்னும் அப்படியே கிடக்கிறது. கோயிலுக்கு இப்போது ‘நோத்ர் தாம் தெ லாவ்’ என்று பெயர். தமிழில் லாவா மாதா கோயில் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எரிமலைக் குழம்பு மாதா என்று ஒரு மொழிபெயர்ப்பை யாரும் மனசாட்சியோடு அச்சிட முடியாது. கடன்சொல்லே கைகொடுக்கும் இடங்களும் உண்டு.

2007 ஏப்ரலில் ஓடியது அளவில் பெரிது. சாலையைப் புதைத்து, கடலுக்குள் இறங்கி, தீவுக்குக் கொஞ்சம் புதுநிலமும் சேர்த்தது. அதே நாட்களில் உச்சியில் இருந்த தொலோமியூ என்ற எரிமலை வாயின் அடித்தளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிப் போனது. கரையில் அந்தக் கல் பல ஆண்டுகள் ஆறவில்லை; மழை பெய்தால் வெடிப்புகளிலிருந்து ஆவி வரும். 2004-இல் ஓடியதன் உள்ளேதான் தலைக்கவசத்தோடு நுழைகிறார்கள்: மேல்தோல் இறுகிய பிறகு உள்ளே இருந்தது வடிந்துபோக, நீளக் குகைகளாக நிற்கின்றன. இவற்றை எரிமலைக் குகை என்றால் போதும்.

சரி, ஆறிக் கிடப்பதை என்னவென்று சொல்வது? சுருக்கமாக ‘எரிகல்’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது கூடாது. வானத்திலிருந்து விழுவதற்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ‘தீப்பாறை’ பரந்த வகைப்பெயர். பூமிக்கு அடியிலேயே மெல்ல ஆறிய கிரானைட்டும் அதில் அடங்கும். ‘எரிமலைப் பாறை’ சரியான சொல், பழைய கல்லுக்கு நன்றாகவே பொருந்தும். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தது எரிமலைப் பாறையில்தான். அந்தத் தக்காணப் பாறையும் ரீயூனியனும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது நிலவியலாளர்களிடையே பரவலான கருத்து. பூமிக்கு அடியில் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் அந்த வெப்ப ஊற்றின் மேலே சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு நகர்ந்துபோனபோது தக்காணம் உருவானது. தட்டுகள் நகர நகர, இன்றைக்கு அதன் பக்கத்தில் ரீயூனியன்.

ஆனால் வெளியே கல்லாகி, உள்ளே இன்னும் சூடாக, மழைக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்த 2007-ஐ எரிமலைப் பாறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இடத்தில் ‘எரிமலை’ என்ற சொல்லே வழி காட்டுகிறது. அதை வினைத்தொகையாகக் கொண்டால் எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என்று முக்காலத்துக்கும் விரியும். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடங்கிக் கிடக்கும் பக்கத்து மலை ‘பித்தோன் தெ நேஜ்’ எரிந்த மலை, ஃபூர்னேஸ் எரிகின்ற மலை. பெயர் மட்டும் ஒன்றே. அதே அச்சில் ‘உறைகுழம்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். உறைந்த குழம்பு, உறைகின்ற குழம்பு, உறையும் குழம்பு. மேலே உறைந்தும் உள்ளே உறைந்துகொண்டும் இருப்பதை ஒரே சொல்லில் சொல்ல வேறு மொழிக்கு இவ்வளவு எளிதாக வராது என்றே நினைக்கிறேன்.

சாலையோரப் பலகையைத் தமிழாக்க வேண்டிவந்தால் இந்தச் சொல்கூடத் தேவைப்படாது. ‘2007-இல் ஓடியது’ என்று எழுதினால் போதும். எது ஓடியது என்று அங்கே நிற்கிறவர் கேட்க மாட்டார்.