நிருபருக்கு வந்த நோட்டீஸும் நமக்கு வர வேண்டிய செய்தியும்

தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருப்பதால், செய்தியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தினமும் காதில் விழும். தங்களுக்குச் சாதகமாக ஏதாவது வந்திருந்தால், வெட்டி வைத்த துண்டை மேசைமேல் வைத்து, "பேப்பர்லயே வந்துருச்சு சார், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்பார்கள். எதிராளிக்குச் சாதகமாக வந்திருந்தால், "காசு குடுத்துப் போட்டிருப்பாங்க சார், பேப்பர்காரங்களை யாரு நம்புறா?" என்பார்கள். பல நேரம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான்.

இரண்டும் சரியில்லை. லட்சுமிராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரிகைச் செய்தி, சட்டத்தின் கண்ணில் கேள்விப்பட்டுச் சொல்லும் சாட்சியம். அதில் உள்ள விஷயத்தை வேறு சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். நிருபரே கூண்டில் ஏறி "நான் அங்கே நின்றேன், இதைப் பார்த்தேன்" என்று சொன்னால் அதன் எடை வேறு. ஆக, பேப்பரில் வந்தாலே நிரூபணமாகிவிடாது. நிரூபணம் இல்லை என்பதால் பொய் என்றும் ஆகாது. இந்த இடைப்பட்ட நிலையைப் புரிந்துகொண்டு செய்தி படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் கவலை.

கணக்கெடுப்புகளும் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில், செய்திகளைப் பொதுவாக நம்புகிறோம் என்று சொன்ன இந்தியர்கள் 2023இல் 38 சதவீதம், 2024இல் 41 சதவீதம். ஆனால் அந்த ஆய்வு ஆங்கிலம் தெரிந்த, இணையத்தில் செய்தி படிக்கிறவர்களை மட்டும் கேட்டது. பாலக்கோடு தக்காளி மண்டியில் நிற்பவரோ, அரூர் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அம்மாவோ அந்தக் கணக்கில் இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பொறுத்தவரை, எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 2023இல் 161ஆவது இடம், 2024இல் 159, 2025இல் 151. இந்தக் கணக்கிடும் முறையை மத்திய அரசு ஏற்பதில்லை. சரி, அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த எண்களைப் படிக்கும்போது நம் கண்முன் வருவது டெல்லி ஸ்டுடியோவும் கத்துகிற தொகுப்பாளரும்தான். பத்திரிகைச் சுதந்திரம் உண்மையில் சோதனைக்கு வருவது தாலுகா அளவில் என்பது என் அனுபவம்.

தாலுகா நிருபரை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு ஏற்றபடி ஒரு சிறு தொகை வரும். பெட்ரோல், செல்போன் செலவு பெரும்பாலும் அவர் தலையில். தீபாவளி, பொங்கல், தலைவர் பிறந்தநாள் வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த விளம்பரத்தை யாரிடம் கேட்பார்? குவாரி முதலாளி, தனியார் பள்ளித் தாளாளர், ஒன்றியச் செயலாளர். நாளைக்கு அதே குவாரியில் வெடி வைத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று ஊரார் வந்தால், அவர் எழுத வேண்டியது அதே முதலாளியைப் பற்றி. ஆனாலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலரை எனக்குத் தெரியும். "எல்லாரும் காசு வாங்குறவங்க" என்று நாம் ஒரே வரியில் சொல்லும்போது அடி விழுவது இவர்கள்மேல். காசு வாங்குகிறவருக்கு அந்தப் பேச்சால் எந்த நஷ்டமும் இல்லை.

எழுதினால் என்ன ஆகும்? முதலில் போன் வரும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். "எங்கள் கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டுவிட்டது, 1 கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்." கிராமத்து நிருபர் வீட்டில் அந்தத் தபாலைப் பிரித்தால் குடும்பமே அரண்டுபோகும். மனைவி அழுவார், அப்பா "இந்த வேலை நமக்கு வேணாம்டா" என்பார்.

இந்த நோட்டீஸைக் கையில் எடுத்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு கணக்கு. நோட்டீஸ் அனுப்ப வக்கீல் கட்டணமும் தபால் செலவும் போதும். அதே 1 கோடிக்கு வழக்கே போட வேண்டுமானால், தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 3 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். 2017க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம். அதனால் இப்படிப்பட்ட நோட்டீஸ்களில் நிறைய, வழக்காக மாறுவதே இல்லை. பயந்து அடுத்த செய்தியை எழுதாமல் இருந்தால் அனுப்பியவருக்குப் போதும்.

கிரிமினல் வழக்கு கொஞ்சம் வேறு மாதிரி. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. 2016இல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பிரிவுக்கு உள்ளேயே பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. சொன்னது உண்மை, சொன்னது பொது நன்மைக்காக என்றால் அது அவதூறு ஆகாது என்பதுதான் முதல் விதிவிலக்கு. அமைச்சரோ அரசு ஊழியரோ தங்கள் பணி சம்பந்தமாக அவதூறு என்று சொன்னால், அரசு அனுமதியோடு பப்ளிக் பிராசிக்யூட்டரே நேராகச் செஷன்ஸ் கோர்ட்டில் புகார் போடலாம். இந்த வழியைத் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தவர்கள் நிறையவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்து, அரசுத் தரப்பு வக்கீல் தன் மூளையைப் பயன்படுத்தாமல் புகாரைக் கைமாற்றிவிடக் கூடாது என்று கண்டித்தது. 2012 முதல் 2021 வரை பத்திரிகையாளர்கள்மேல் போடப்பட்டிருந்த 90 அவதூறு வழக்குகளை 2021 ஜூலையில் அரசு திரும்பப் பெற்றது. அத்தனை வருடம் வாய்தாவுக்கு அலைந்தவர்களின் நாட்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

இன்னொன்று, நம் பஞ்சாயத்துத் தலைவர்களும் நகராட்சி அதிகாரிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1994இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமாக நடந்த வழக்கில், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களுக்கு அவதூறு ஆகிவிட்டது என்று நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதியதற்காக "நகராட்சியின் மானம் போச்சு" என்று யாராவது நோட்டீஸ் அனுப்பினால், அதற்குப் பதில் இந்தத் தீர்ப்பு.

நோட்டீஸோடு நிற்காத சம்பவங்களும் உண்டு. 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு தொலைக்காட்சி நிருபர், மர்ம நபர்கள் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று போலீஸுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து உதவி கேட்ட பிறகும் வெட்டப்பட்டார். அவரும் தாலுகா அளவில் வேலை பார்த்தவர்தான்.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் மற்ற ஊர்களைவிட முக்கியம்? வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடி ஊருக்குள் சந்தனக் கடத்தல் சோதனை என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வாரக்கணக்கில் வெளியுலகுக்கு எதுவும் தெரியவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அரசுத் தரப்பு மறுத்தது. சி.பி.ஐ. விசாரணைக்கே கோர்ட் மூலம் போராட வேண்டியிருந்தது. 269 பேர்மேல் வழக்கு. 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று இதே தருமபுரி கோர்ட் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நடப்பதை வெளியே கொண்டுவர அங்கே போய்வரும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்வதை நம்ப நாம் தயாராக இருக்க வேண்டும். மொத்தமாக எதையும் நம்ப மாட்டேன் என்கிற ஊரில், அதிகாரியின் மறுப்பறிக்கைக்கும் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்துக்கும் ஒரே மதிப்புதான் கிடைக்கும்.

நம்பிக்கை போன இடம் காலியாகவும் இருப்பதில்லை, வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரார் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள் அதில் இருந்தன. அதை உண்மை என்று பரப்பியவர்களில் யூடியூபர் மட்டுமல்ல, செய்தி நிறுவனத்தாரும் இருந்தார்கள். தமிழ்நாடு போலீஸ் வழக்குப் பதிந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஓசூர் சிப்காட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் இல்லாமல் ஓடும் கம்பெனி குறைவு. ஒரு பொய்ச் செய்தி அவர்கள் வீட்டில் எத்தனை இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்!

அதற்காக, எது உண்மை எது பொய் என்று அரசே முத்திரை குத்தட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்த்துப் பொய் என்று அறிவிக்கும் ஏற்பாட்டை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தீர்ப்பும் எழுதக் கூடாது. மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம் சொல்வதையும் ஒரு தரப்பின் பதிலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கட்சிச் சேனல்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்தச் சேனல் யாருடையது என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்த சார்பைக் கழித்துவிட்டுப் பார்க்க நம் மக்களுக்கு நன்றாகவே வரும். எனக்குப் பயம், செய்தி மாதிரியே அச்சாகும் விளம்பரத்தைப் பார்த்துத்தான். தேர்தல் நேரத்தில் ஒரே வாசகம் இரண்டு மூன்று பேப்பரில் வரிக்கு வரி ஒன்றாக வந்தால், அதை நிருபர் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் "பிரஸ்" ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு செங்கல் சூளையிலும் கிளினிக்கிலும் போய் "செய்தி போட்டுடுவேன்" என்று பணம் கேட்கிறவர்கள் நிருபர் கணக்கில் வர மாட்டார்கள். அது மிரட்டிப் பணம் பறித்தல், பாரதிய நியாய சன்ஹிதா 308ஆவது பிரிவு. பத்திரிகையின் பெயர், பதிவு எண், ஆசிரியர் யார் என்று கேளுங்கள். மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். பணம் கேட்ட போனை ரெக்கார்டு செய்து போலீஸில் கொடுங்கள்.

ஒரு செய்தி நிறுவனம் பொறுப்பானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவு போக்சோ செய்திகள், அதாவது குழந்தைகள்மேல் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில் வரும் வழக்குகள் பற்றிய செய்திகள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமண வழக்குகளும் போக்சோ வழக்குகளும் அடிக்கடி வருகின்றன. போக்சோ சட்டம் 23ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியவரும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, வெளியீட்டாளரும் பொறுப்பு. "இந்த ஊரில், இந்தத் தெருவில், இன்ன வேலை செய்பவரின் 9ஆம் வகுப்பு படிக்கும் மகள்" என்று எழுதிவிட்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டோம் என்று சொல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். முன்கூட்டி அனுமதிக்கிற அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டும்தான், அதுவும் குழந்தையின் நன்மைக்காக.

உங்களைப் பற்றித் தவறான செய்தி வந்துவிட்டால், எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு, சரியான விவரம் என்ன, ஆதார நகல். பதிவுத் தபாலில் போடுங்கள். நேர்மையான பத்திரிகை திருத்தம் போடும். போடவில்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, கண்டிக்க மட்டும் முடியும். தொலைக்காட்சி, இணையச் செய்தித் தளங்களுக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அங்கே முதலில் எழுதுங்கள்.

உங்கள் ஊர்ப் பிரச்சினையை எழுதியதால் நிருபருக்கு நோட்டீஸ் வந்திருந்தால், அங்கே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிருபர் தன் குறிப்பு நோட்டையும் ஆடியோவையும் போட்டோக்களின் ஒரிஜினலையும் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அது அவர் பொறுப்பு. ஆனால் அவர் வெளியிட்டது நீங்கள் சொன்னதை. குவாரி வெடியில் சுவர் விரிந்த வீட்டுக்காரர், நிருபரிடம் தான் சொன்னது உண்மை என்று கோர்ட்டில் வந்து சொன்னால்தான், 'உண்மை, பொது நன்மைக்காக' என்கிற அந்த முதல் விதிவிலக்கு நிருபருக்கு நிற்கும். பேசும்போது பத்துப் பேர் சூழ்ந்து நிற்கிறார்கள், வாய்தா அன்று அவர் தனியாக வருகிறார். நோட்டீஸ் வந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள்: உங்கள் பெயர், என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதியில், நிருபரிடம் என்ன சொன்னீர்கள். கீழே கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவரிடம் கொடுத்து வையுங்கள்.