மத்தியானம் தொங்கும் செடிக்கு யூரியா வைக்காதீர்கள்

சித்திரை பிறந்தால் போதும், கிருஷ்ணகிரியில் எங்கள் நர்சரிக்குச் செடி வாங்க வருபவர்களைவிட, வாடிய செடியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். இந்த வாரம் வந்தது பத்து அங்குலத் தொட்டியில் ஒரு கத்தரி. இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகிச் சுருண்டிருந்தது. மேல்மண் காய்ந்து கிடக்க, தண்டைச் சுற்றி யூரியா குருணை பாதி கரையாமல் அப்படியே இருந்தது.

"என்னக்கா வச்சீங்க?"

"மத்தியானம் தொங்கிடுச்சு தம்பி. சத்து இல்லைன்னு ரெண்டு ஸ்பூன் யூரியா போட்டேன்."

இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப் போகிறேனோ. உரம் விற்பவன் நானே வேண்டாம் என்கிறேன், அதையாவது நம்புங்கள்.

மத்தியானம் இலை தொங்குவது நோயல்ல, பசியும் அல்ல. கத்தரி, பூசணி, பீர்க்கை மாதிரி அகல இலைச் செடிகள் உச்சி வெயிலில் தொங்கத்தான் செய்யும். வேர் இழுத்துத் தரும் நீரைவிட இலை வழியே போகும் நீர் அந்த நேரத்தில் அதிகம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்துவிட்டால் உங்களுக்கு அங்கே வேலையே இல்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அந்தச் சின்னத் தொட்டியில் போட்ட இரண்டு ஸ்பூனை வயல் கணக்குக்குப் பெருக்கிப் பார்த்தால், கத்தரிக்கு ஒரு பருவம் முழுவதற்கும் சொல்லப்படும் எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் போகிறது. அதுவும் ஒரே மத்தியானத்தில், காய்ந்த மண்ணில். கருகாமல் என்ன செய்யும்? யூரியாதான் என்றில்லை. டிஏபி, கடலைப் புண்ணாக்குக் கரைசல், "ஆர்கானிக்தானே" என்று அள்ளிப் போடும் கோழி எரு, எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் முடியும்வரை தொட்டிச் செடிக்கு உரத்தை மறந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? குருணையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே நீர் நன்றாக வடியும்படி மூன்று நான்கு முறை ஊற்றி நிழலில் வையுங்கள்.

காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதல் வேலை மண்ணில் விரல் விடுவது. இரண்டு அங்குலம் கீழே காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள். ஈரம் சரியாக இருந்தும் தக்காளி, கத்தரி நிமிரவில்லை என்றால், தண்டின் அடியை ஒரு துண்டு வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். பால் மாதிரி நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீரின் உப்பு ஊருக்கே தெரியும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். சரி, வேறு வழியில்லை, அதையே ஊற்றுகிறோம். ஆனால் ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை "வீணாகக் கூடாது" என்று செடிக்குத் திருப்பிவிடுகிறீர்களே, அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியில் வடியும் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் செடிக்கு நல்லது. ஊற்றுவதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். பகல் ஒரு மணிக்கு மாடிக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கையைச் சுடும் வெந்நீர், அது நேராக வேரில் விழுகிறது. காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, எது கிடைக்கிறதோ அதை மண்மேல் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். ஐம்பது சதவீத நிழல்வலை இருந்தால் மாடிக்குக் கட்டிவிடுங்கள்.

இப்போது கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். ரோஜாவுக்கும் மல்லிக்கும் கவாத்துக் காலம் ஐப்பசி, கார்த்திகை. மல்லி பூத்துக் குலுங்கும் நேரத்தில் வெட்டிவிட்டு "பூ வரலையே" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? தொட்டி மாற்றுவதும் மழை வந்த பிறகு.

வீட்டில் மாமரம் இருப்பவர்களுக்கு மட்டும் இப்போது நிஜமான வேலை இருக்கிறது. பெங்களூராவோ செந்தூராவோ, பழத்தை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது என்றதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறீர்கள். பழ ஈ தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிடுகிறது, புழு சதைக்குள் இருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதை என்ன செய்யும்? மருந்து அடித்த அந்தப் பழத்தை உங்கள் பிள்ளைதான் கடிக்கப் போகிறது. உதிர்ந்த காயைத் தினமும் பொறுக்குங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அது ஈ வளர்க்கும் இடம். தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாள் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், கோழி கொத்தும். வாசனை காட்டி ஈயை இழுக்கும் மீதைல் யூஜினால் பொறியும் கட்டலாம். அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும், ஆகவே பொறியைக் கட்டிவிட்டோம் என்று பொறுக்குவதை நிறுத்திவிடாதீர்கள்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? காலித் தொட்டிகளின் மண்ணைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, மெலிதாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். மண்ணில் உள்ள நோய்க்கிருமி வெயில் சூட்டில் சாக, நான்கு வாரமாவது அப்படியே கிடக்கட்டும். அவரை, புடலை, பீர்க்கை விதைகளை வாங்கி நிழலான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆடிப்பட்டத்துக்கு ஆகும். அதுவரை வாடிய செடியை எனக்குப் படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் காலை ஆறு மணிக்கு எடுத்து அனுப்புங்கள், மத்தியானப் படம் வேண்டாம்.