பேனலை மறைத்தால் உண்மையில் எது மறைகிறது?

விற்பனையாளர் பதிவுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஜிஎஸ்டி பதிவு உண்டா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால், கீழே ஒரு பேனல் திறந்து 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணைக் கேட்கிறது. ‘இல்லை’ என்றால் பேனலே தெரிவதில்லை. ஆரக்கிள் ஏபெக்ஸ் போன்ற லோ-கோடு (அதிகம் நிரல் எழுதாமலே செயலி உருவாக்கும்) கருவியில் இதை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் அமைத்துவிடலாம். சிக்கல் பிறகுதான் வரும்: கண்ணுக்குத் தெரியாத கட்டம், பக்கத்தில் இல்லாத கட்டம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

ஏபெக்ஸில் பேனலை ரீஜன் என்பார்கள். முதலில் அதற்கு ஒரு ஸ்டாட்டிக் ஐடி, அதாவது நாமே வைக்கும் மாறாத அடையாளப் பெயர், கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஏபெக்ஸே ஒரு நீண்ட எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளும். செயலியை வேறு ஒர்க்ஸ்பேஸில் (ஏபெக்ஸில் செயலிகள் இருக்கும் பணியிடம்) இறக்கும்போது அந்த எண் மாறக்கூடும். அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அதன்பின் வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் தேடிய உறுப்பு கிடைக்காவிட்டால் ஜேகுவரி (ஏபெக்ஸ் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பேசாமல் இருந்துவிடும்.

அடுத்து, கேள்விக்கான ஐட்டத்தின் (படிவக் கட்டத்தின்) மேல், பயனர் செய்வதற்கு ஏற்பப் பக்கத்தை மாற்றும் ஒரு டைனமிக் ஆக்‌ஷன். ஈவென்ட் ‘சேஞ்ச்’. கிளையன்ட் சைட் கண்டிஷனில் ‘ஐட்டம் = வேல்யூ’. ட்ரூ பக்கம் ‘ஷோ’, ஃபால்ஸ் பக்கம் ‘ஹைட்’. ஒப்பிடும் மதிப்பில் கவனம் தேவை. பட்டியலில் தெரிவது ‘ஆம்’ என்றாலும், உள்ளே சேமிக்கப்படுவது ‘ஒய்’ என்ற ஓர் எழுத்தாக இருக்கலாம். ஒப்பீடு நடப்பது அந்த எழுத்தோடுதான். பக்கம் திறக்கும்போதே செயலை ஓட்டும் ‘ஃபயர் ஆன் இனிஷியலைசேஷன்’ இரண்டு பக்கமும் இயங்க வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே சேமித்த பதிவைத் திறக்கும்போது பதில் ஒன்று சொல்லும், பேனல் வேறொன்றைக் காட்டும்.

‘ஹைட்’ செய்யும் வேலை எளியது: அந்த உறுப்பின் டிஸ்ப்ளே பண்பை ‘நன்’ ஆக்குகிறது. பிரவுசர் உடனே பக்கத்தின் தளவமைப்பை மறுபடி கணக்கிட்டு, கீழே உள்ளவற்றை மேலே ஏற்றுகிறது. டேப் விசை அந்தக் கட்டங்களில் நிற்காது, திரைவாசிப்பானும் வாசிக்காது. ஒபாசிட்டியை (ஒளிபுகாமையை) பூஜ்யமாக்கினால் இப்படி நடக்காது. கட்டம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கிளிக்கும் டேப் விசையும் அதில் போய் விழும். படிவங்களில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

பக்கம் திறந்ததும் பேனல் ஒரு கணம் தெரிந்து மறைவது அடிக்கடி வரும் புகார். ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் பிரவுசர் பேனலை வரைந்துவிடுவதுதான் காரணம். ரீஜனின் பண்புகளிலேயே இன்லைன் ஸ்டைலாக டிஸ்ப்ளே நன் எழுதிவிட்டால் பேனல் மறைந்தபடியே வரும், தேவைப்படும்போது ‘ஷோ’ அதைத் திறக்கும். ஸ்டைல்ஷீட்டில் ‘இம்பார்ட்டன்ட்’ சேர்த்து எழுதினால் ‘ஷோ’வாலும் அதைத் திறக்க முடியாது.

பேனலுக்குள் சார்ட்டோ இன்டராக்டிவ் கிரிடோ (திருத்தக்கூடிய அட்டவணை) இருந்தால் இன்னொரு தொல்லை. மறைந்திருக்கும் பெட்டியின் அகலம் பூஜ்யம். அந்த நேரத்தில் தன் அளவைக் கணக்கிடும் சார்ட், பேனல் திறந்த பிறகும் சுருங்கியோ வெறுமையாகவோ நிற்கும். டைனமிக் ஆக்‌ஷனின் ‘ஷோ’ உள்ளே இருக்கும் கூறுகளுக்குத் ‘தெரிய வந்துவிட்டாய்’ என்று தகவல் கொடுக்கும், நேரடியாக ஜேகுவரியில் காட்டினால் அந்தத் தகவல் போகாது. அப்போது ஏபெக்ஸின் விசிபிலிட்டி சேஞ்ச் ஃபங்ஷனை நாமே அழைக்க வேண்டும். ஆகவே டைனமிக் ஆக்‌ஷனே போதும் என்ற இடத்தில் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்.

தரவு கெடுவது இதற்குப் பிறகுதான். டிஸ்ப்ளே நன் ஆன கட்டத்தின் மதிப்பும் படிவத்தோடு சர்வருக்குப் போகும். ஒருவர் ‘ஆம்’ என்று சொல்லி எண்ணைத் தட்டிவிட்டு, பிறகு ‘இல்லை’ என்று மாற்றினால், பதிவு இல்லாதவரின் பெயரில் ஜிஎஸ்டி எண் சேமிக்கப்படும். மறைக்கும்போதே ‘க்ளியர்’ செய்யலாம். ஆனால் கை தவறி மாற்றியவர் 15 எழுத்தையும் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். ‘ஆஃப்டர் சப்மிட்’ (படிவம் அனுப்பிய பின்) நிலையில் ஒரு கம்ப்யூட்டேஷன் (மதிப்பைக் கணக்கிட்டு வைக்கும் படி) வைத்து, பதில் ‘இல்லை’ என்றால் மட்டும் அந்த மதிப்பை வெறுமையாக்குவதே நல்லது. அது வேலிடேஷனுக்கு (உள்ளீட்டுச் சரிபார்ப்புக்கு) முன்பே ஓடிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கட்டத்தில் ‘வேல்யூ ரிக்வயர்டு’ (கட்டாயம் நிரப்ப வேண்டும்) போட்டிருந்தால், பேனல் மறைந்திருப்பது சர்வருக்குத் தெரியாது. ‘இல்லை’ என்றவரையும் எண் கேட்டு மறிக்கும், அவர் நிரப்பவோ திரையில் கட்டமே இல்லை. ‘ரிக்வயர்டு’ அடையாளத்தை எடுத்துவிட்டுத் தனி வேலிடேஷன் எழுதி, பதில் ‘ஆம்’ என்றால் மட்டும் இயங்குமாறு அதற்குச் சர்வர் சைட் கண்டிஷன் கொடுங்கள்.

சம்பளம், வங்கிக் கணக்கு போன்ற விவரங்களை இந்த வழியில் மறைக்கவே வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் டிஸ்ப்ளே நன் என்ற வரியை நீக்கினால் எல்லாம் தெரிந்துவிடும். அங்கே, யாருக்கு எதைக் காட்டலாம் என்று சர்வரில் முடிவுசெய்யும் ஆதரைசேஷன் ஸ்கீம்தான் வேண்டும். அனுமதி இல்லாதவருக்கு ரீஜனை சர்வர் அனுப்பாது. சோதிக்க, குறைந்த உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ஸ்டாட்டிக் ஐடியைத் தேடுங்கள். அது அங்கே கிடைத்தால் ரீஜன் இன்னும் பிரவுசருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.