மாங்குளம் சந்தியில் காத்திருக்கும் கணக்கு

ஏ9 வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், தனியார் பஸ், கொழும்பு – யாழ்ப்பாணம் ஓடுகிற நெடுந்தூர பஸ் என்று பகல் முழுக்கப் போய்வருகின்றன. ஆனாலும் வீதியோரம் நிற்பவரைக் கேட்டால் "ஒண்டையும் காணேல்லை" என்பார். கொஞ்ச நேரத்தில் மூன்று பஸ் ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்து நிற்கும்.

ஒரு மணித்தியாலத்துக்கு நாலு பஸ் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கிறவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே நாலு பஸ் 5, 5, 5, 45 நிமிட இடைவெளியில் வந்தால் சராசரி பதினேழரை நிமிடமாகிவிடும். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஒரு லீற்றர் டீசலும் மிஞ்சவில்லை. 60 நிமிடத்தில் 45 நிமிடத்தை ஒரே இடைவெளி விழுங்கிவிட்டதால், வருகிறவர்களில் நாலில் மூன்று பேர் அதற்குள்தான் அகப்படுவார்கள். கணக்கைச் சரிபார்க்க விரும்புவோருக்கு: ஒவ்வோர் இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 2100 வரும், அதை மொத்த நேரத்தின் இருமடங்கான 120ஆல் வகுக்க வேண்டும்.

பஸ்கள் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவது யாரும் திட்டமிடாமலே நடக்கக்கூடியது. முன்னால் போகிற பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால், அடுத்த தரிப்பிடத்தில் அதற்குக் கூடுதல் ஆட்கள் நிற்பார்கள். ஏற்றி இறக்க நேரம் எடுக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, நிற்க வேலையில்லை, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பொட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது: கலெக்சன். அன்றைய வசூலை நம்பி ஓடுகிற பஸ், முதலில் ஊர்ந்து ஊர்ந்து ஆள் சேர்க்கும். பின்னால் வேறொன்றைக் கண்டதும் பறக்கும். சாரதியைத் திட்டிப் பயனில்லை. வசூல் முறை அப்படி இருக்கும்வரை யார் ஓடினாலும் அப்படித்தான் ஓடுவார்.

இது பிரதான வீதியின் கதை. வன்னியின் உண்மையான சிக்கல் உள்ளே திரும்பும் இடத்தில்தான் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் அது ஐந்நூறைத் தாண்டும். இவ்வளவு ஐதாக ஆட்கள் வாழும் இடத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது நடவாத காரியம். இங்கே காத்திருப்பைக் குறைக்கிற வழி, பஸ்களை ஒன்றையொன்று சந்திக்க வைப்பதுதான்.

மாங்குளத்தை எடுங்கள். கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்கே மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். வடக்கும் தெற்கும் ஏ9. ரயில் நிலையமும் இருக்கிறது. பையும் கையுமாக இறங்குகிற பிள்ளை நிற்கிற பஸ்ஸைப் பார்த்துக் கேட்கும்: "அண்ணை, முல்லைத்தீவு போகுமோ?" "இது ஒட்டுசுட்டானோடை நிண்டிடும், தங்கச்சி. முல்லைத்தீவு இப்பதான் வெளிக்கிட்டது." மணிக்கொன்றாக ஓடுகிற வழியில் ஐந்து நிமிடப் பிந்தலின் விலை ஐம்பத்தைந்து நிமிடம்.

சுவிற்சர்லாந்து 1982இல் தொடங்கித் தன் ரயில்களுக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது: பெரும்பாலான வண்டிகள் மணிக்கொரு தடவை அதே நிமிடத்தில், சந்திகளில் எல்லாத் திசை வண்டிகளும் சற்றேறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, ஆள் மாறியபின் ஒரே நேரத்தில் புறப்படும். மாங்குளத்தில் இதைச் செய்யக் கோபுரம் வைத்த பஸ் நிலையம் வேண்டாம். நிழலும், நேரக்கணிப்பாளர் இருக்க ஒரு மேசையும் போதும்.

ஆனால் கணக்கு கறாரானது. மாங்குளம் – முல்லைத்தீவு சுமார் 50 கி.மீ. இரு முனையிலும் தரித்து நிற்பதையும் சேர்த்துப் போய்வர மூன்று மணித்தியாலம் என்றால், மூன்று பஸ் மணிக்கொன்றாக ஓடும். வீதி குண்டும் குழியுமாகிப் பத்து நிமிடம் கூடினால் மூன்று போதாது, நாலாவது வேண்டும். தார் போடுவதும் ஒரு பஸ் வாங்குவதற்குச் சமம் என்பது இப்படித்தான். இன்னொரு முடிச்சும் உண்டு: மாகாணம் கடந்து ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம், மாகாணத்துக்குள் ஓடுவதற்கு மாகாண அதிகார சபையிடம், இ.போ.ச. தனி. மூன்று கை எழுதும் நேர அட்டவணைகள் தானாகவே மாங்குளத்தில் சந்திக்காது.

பிந்தி வருகிற பஸ்ஸுக்காக முல்லைத்தீவு பஸ் நிற்கலாமா? உள்ளே 20 பேர் இருந்து, ஐந்து நிமிடம் நின்றால் இழப்பு 100 நிமிடம்; வழியில் நிற்பவர்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மாறி ஏற வேண்டியவர் ஒருவர்தான் என்றால் போய்விடலாம். மூன்று பேர் என்றால் விட்டுப்போவதால் வீணாவது, ஆளுக்கு 55ஆக, 165 நிமிடம்; நிற்பதே மேல். கடைசி பஸ் என்றால் ஒருவருக்காகவும் நிற்க வேண்டும்; விட்டால் அவர் இரவில் ஆட்டோ பிடித்துத்தான் காட்டுவழி போகவேண்டும். எத்தனை பேர் என்று தெரிவதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. வவுனியாவிலிருந்து வருகிற பஸ் கனகராயன்குளம் தாண்டும்போது நடத்துநர் மாங்குளத்துக்கு ஒரு போன் எடுத்து, "முல்லைத்தீவுக்கு மூண்டு பேர் இருக்கினம்" என்று சொன்னால் சரி.