துத்தநாகம் ஏறினால் செம்பு இறங்கும்

1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில், மருத்துவர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன். கடும் ரத்தசோகை, களிமண் தின்னும் பழக்கம்; பருவமாற்றமோ எட்டியே பார்க்கவில்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்பது சரி. உடல் ஏன் வளரவில்லை? பின்னர் எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது விடை தெரிந்தது: துத்தநாகக் குறைபாடு. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். ஆனால் முக்கிய உணவு தவிடு நிறைந்த ரொட்டி. தவிட்டிலுள்ள பைட்டேட் என்ற வேதிப்பொருள் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுக் கழிவோடு அனுப்பிவிடும். வாய்க்குள் போவதெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை.

நம் உடலில் மொத்தத் துத்தநாகமே 2 கிராம் அளவுதான். ஆனால் செல் பிரியும்போது டிஎன்ஏவைக் கையாளும் பல புரதங்களுக்கு அது வேண்டும். அது குறைந்தால், ஓயாமல் புதுப்பிக்கப்படும் தோலும் குடலின் உட்படலமும் வளரும் எலும்பும் முதலில் அடிவாங்குகின்றன.

சரி, மாத்திரையாக அள்ளிப் போட்டுக்கொண்டால்? இங்கேதான் வேடிக்கை. துத்தநாகம் மிகும்போது, அதைச் சமாளிக்கக் குடற்சுவர்ச் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாக உருவாக்குகின்றன. அந்தப் புரதத்துக்கோ துத்தநாகத்தைவிடச் செம்பின் மீதுதான் பிடிப்பு அதிகம். உணவில் வந்த செம்பை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. குடற்சுவர்ச் செல்லின் ஆயுள் சில நாட்கள். செல் உதிரும்போது செம்பும் அதோடு வெளியேறிவிடும்.

செம்பு இல்லாவிட்டால் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதி முடங்கும். இழை இருக்கும், உறுதி இருக்காது. சேமிப்பிலுள்ள இரும்பை வெளியே எடுக்கவும் செம்பு வேண்டும் என்பதால் ரத்தசோகையும் வரும். பல்செட்டை ஒட்டவைக்கும் பசையில் துத்தநாகம் சேர்த்திருந்த காலத்தில், அதை அளவுமீறிப் பூசியவர்களுக்குச் செம்பு குறைந்து நரம்புகளே பழுதாயின. வயது வந்தவருக்கு அன்றாடத் துத்தநாகத் தேவை 8 முதல் 11 மில்லிகிராம் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை; உச்சவரம்பு 40. இடைவெளி பெரியதல்ல.

கல்லீரலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு, மருத்துவர்கள் இதே கோளாறை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்றில் இருப்பது துத்தநாகம்தான்.