கிளையோடு ஒட்டிய விதைப்பெட்டி

பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, கிளையில் செருகி வைத்தாற்போல் இருக்கும் அந்தப் பூ. ஊட்டிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பெயரே பாட்டில் பிரஷ்தான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி.

அது ஒற்றைப் பூ அல்ல, பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. சிவப்பு நிறமும் இதழ்களால் வருவதில்லை. இதழ்கள் மிகச் சிறியவை, சீக்கிரமே உதிர்ந்துவிடும். நாம் ரசிப்பதெல்லாம் மகரந்தத் தாள்களைத்தான். தேன் குடிக்க வரும் பறவையின் நெற்றியில் அவை மகரந்தத்தைப் பூசி அனுப்பும்.

எனக்குப் பூவைவிட அதன் காய்தான் பெரிய அதிசயம். பூ உதிர்ந்தபின் தண்டைச் சுற்றி மிளகு மணிகளைப் போலக் கெட்டியான காய்கள் ஒட்டி நிற்கும். கிளை அதோடு முடிவதில்லை. பூங்கொத்தின் நுனியிலிருந்தே மேலும் வளர்ந்து, அடுத்த பருவத்தில் மறுபடி பூக்கும். அதனால் ஒரே கிளையில் பழைய காய்கள் கீழே, புதியவை மேலே என்று வரிசையாக இருக்கும். விரலால் தடவினால் ஒவ்வொரு பருவமும் தட்டுப்படும். கிளை உயிரோடு இருக்கும்வரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் காய்கள் பல ஆண்டுகள்கூட மூடியே கிடக்கும். காட்டுத்தீ கிளையைக் கொன்றால்? காய் உலர்ந்து சுருங்கி வாய் திறக்கும், தூள் போன்ற விதைகள் சாம்பலில் விழும். சாம்பல் சத்தான மண், வெயிலுக்குப் போட்டியும் இல்லை. கிளையை வெட்டிக் காகிதப் பையில் போட்டு வைத்தாலும் இதுவேதான் நடக்கும்.

இங்கிலாந்தின் தாவர ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் 1770-ல் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்து, ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்கினார். இந்தச் செடி இங்கிலாந்துக்குப் போனது 1789-ல், அவர் வழியாகத்தான். மாதக்கணக்கில் நீளும் கடல் பயணம், உப்புக்காற்று, குடிநீருக்கே தட்டுப்பாடு. உயிருள்ள செடியைக் காப்பாற்றிக் கொண்டுபோவது பெரும்பாடு. உலர்ந்த விதைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் விதையிலிருந்து வளரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். 1794-ல் வில்லியம் கர்ட்டிஸ் தன் தாவர இதழில் இதைப் படத்துடன் விவரித்தார். கசக்கினால் எலுமிச்சை மணக்கும் இலை என்பதால் 'சிட்ரினா' என்று பெயர் வைத்தார். படத்துக்கு நின்றது கிரெமோர்ன் பிரபுவின் தோட்டத்துச் செடி. பாட்டனி விரிகுடாவிலிருந்து வேரோடு உயிராக வந்து சேர்ந்த செடி அது. விதை போட்டு வளர்த்தவை அப்போதும் பூக்கவில்லை என்று கர்ட்டிஸே எழுதி வைத்திருக்கிறார்.