அரசுத் தொலைக்காட்சியின் செய்தியை எப்படிப் பார்ப்பது: தூர்தர்ஷனை முன்வைத்து

இதழியல் மாணவர்களுக்கு நடத்தும் வகுப்புகளிலும், ஊடகம் குறித்துப் பேச அழைக்கும் வாசகர் வட்டங்களிலும் என்னிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. தனியார் சேனல்களைப் போலத் தூர்தர்ஷனில் கூச்சல் இல்லை, விவாதம் என்ற பெயரில் சண்டை இல்லை, செய்தி வாசிப்பவர் நிதானமாக வாசிக்கிறார், பொய்ச் செய்தியும் அரிது. அப்படியிருக்க அதை மட்டும் ஏன் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்கிறீர்கள் என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு என் பதிலை விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன். ஓர் அரசுத் தொலைக்காட்சி அரசியல் செய்வதற்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எந்தச் செய்தி முதலில் வருகிறது, யாருடைய குரல் நேரடியாகக் கேட்கிறது, எது வராமலேயே போகிறது என்ற மூன்றிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது.

செய்தி அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். ஒளிபரப்புக்கு முன்பாக ரன்டவுன் என்று நாங்கள் சொல்லும் வரிசைப் பட்டியல் போடப்படும். ஒரு மத்திய அமைச்சர் நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கிவைக்கிறார்; அதே நாளில், அத்திட்டத்தில் தகுதியுள்ள பலர் விடுபட்டிருக்கிறார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் பேட்டி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைச்சரின் விழா முதல் செய்தியாகிறது. மேடை, கூட்டம், பயனாளி ஒருவரின் நன்றி நிறைந்த முகம், பிறகு அமைச்சர் தம் சொந்தக் குரலில் பேசும் முக்கால் நிமிட பைட் என்று அது விரிகிறது. எதிர்க்கட்சித் தலைவரின் பேட்டி எட்டாவதோ ஒன்பதாவதோ செய்தியாக, என்றோ எடுத்த பழைய விஷுவலின் மேல், வாசிப்பாளரின் குரலில் இரண்டே வரிகளாகச் சுருங்குகிறது. அவர் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. அமைச்சர் 'சுட்டிக்காட்டினார்', எதிர்க்கட்சித் தலைவர் 'குற்றம்சாட்டினார்'. அடுத்த வரியிலேயே அரசின் மறுப்பும் வந்துவிடும்; ஆனால் அமைச்சரின் செய்திக்குக் கீழே எந்த மறுப்பும் இருக்காது. இந்த அறிக்கையின் எழுத்துப்படியை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு சொல்லையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. பார்த்து முடித்தவரின் மனத்திலோ ஒருவர் செயல்வீரராகவும் மற்றவர் குறை சொல்பவராகவும் பதிந்துவிடுகிறார்கள். இத்தகைய சாய்வு தனியார் சேனல்களிலும் தாராளமாக உண்டு. ஆனால் அவற்றின் முதலாளி யார், அவர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். தூர்தர்ஷனின் முதலாளிகள் வரி கட்டும் நாம் அனைவரும் என்பதால்தான் அதற்கு வேறு அளவுகோல் வேண்டியிருக்கிறது.

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1976 வரை அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. கல்விக்கும் வேளாண்மைக்கும் உதவும் கருவி என்பதே ஆரம்பகால நோக்கம். 1975-76இல் நாசாவின் செயற்கைக்கோள் உதவியுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் கொண்டுசெல்லப்பட்டன. சென்னை நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அவசரநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவசரநிலைக் காலத்தை நான் மாணவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்வதுண்டு, ஏனெனில் பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் அச்சாரம் அங்கேதான் போடப்பட்டது. 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே தகவல் ஒலிபரப்புத் துறை ஐ.கே. குஜ்ராலிடமிருந்து பறிக்கப்பட்டு வி.சி. சுக்லாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் வானொலியும் தொலைக்காட்சியும் ஆளுங்கட்சியின் பிரசார வாகனங்களாகவே ஓடின. தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1977 பிப்ரவரியில், காங்கிரஸை விட்டு அப்போதுதான் விலகியிருந்த ஜெகஜீவன் ராமும், எதிரணியைத் திரட்டிய ஜெயப்பிரகாஷ் நாராயணும் டெல்லி ராம்லீலா மைதானத்தில் பேசவிருந்த ஞாயிற்றுக்கிழமை, மக்களை வீட்டிலேயே பிடித்துவைக்கும் நோக்கத்தில் 'பாபி' என்ற வெற்றிப் படம் தூர்தர்ஷனில் ஒளிபரப்பப்பட்டதாகப் பரவலாகப் பேசப்பட்டது. கூட்டம் பெருந்திரளாகவே வந்தது. அந்த நிகழ்வில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: ஒரு பொழுதுபோக்குப் படத்தையும்கூட, அது ஒளிபரப்பாகும் நேரத்தைக் கொண்டு அரசியல் கருவியாக்க முடியும்.

அடுத்து வந்த ஜனதா அரசு, ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது, பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசின் பிடியிலிருந்து விடுவித்து, தன்னாட்சி பெற்ற ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1978இல் அக்குழு பரிந்துரைத்தது. அதே ஜனதா அரசு 1979இல் கொண்டுவந்த மசோதா அந்தப் பரிந்துரையைவிட மிகவும் நீர்த்துப்போயிருந்தது, ஆட்சி கவிழ்ந்ததும் அதுவும் காலாவதியானது. பிறகு வி.பி. சிங் ஆட்சியில் 1990இல், வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துவதற்கான தன்னாட்சி அமைப்பை உருவாக்கும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் ஏழு ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. அதை 1997இல் நடைமுறைப்படுத்தியது, அவசரநிலையின்போது இதே துறையிலிருந்து அகற்றப்பட்ட குஜ்ரால் பிரதமராக இருந்த அரசு. இடையில் 1995இல், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றும் அவற்றை அரசின் ஏகபோகத்தில் வைத்திருக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். பொதுநலன் சார்ந்த எல்லாவற்றைப் பற்றியும் சுதந்திரமாகவும் உண்மையாகவும் நடுநிலையோடும் தகவல் பெறும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும், தனக்கென ஒரு கருத்தையோ கொள்கையையோ முன்னிறுத்தாமல் மாறுபட்ட கருத்துகளையும் உள்ளடக்கி நியாயமான, சமநிலையான தகவல்களைத் தருவதும் பிரசார் பாரதியின் கடமைகள் என்று அது சொல்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் பேச முடியாது. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? சம்பளத்தில் இருக்கிறது. ஊழியர் செலவுக்கான பெரும் பணம் மத்திய அரசின் நிதிநிலை அறிக்கையிலிருந்து வருகிறது. செய்திப் பிரிவின் முக்கியப் பொறுப்புகளில் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள் அமர்த்தப்படுகிறார்கள். அவர்களின் பணி மூப்பும் இடமாற்றமும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. இன்று அமைச்சகத்தின் செய்திக்குறிப்பை எழுதும் ஒருவர் நாளை தூர்தர்ஷனில் அதே செய்திக்குறிப்பின் தகுதியை எடைபோட வேண்டிய நிலையில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் என்ன செய்துவிட முடியும்? யாரும் தொலைபேசியில் ஆணையிட வேண்டிய அவசியமே இல்லை. சாம் பித்ரோடா தலைமையிலான நிபுணர் குழு 2014 தொடக்கத்தில் அளித்த அறிக்கையும், நிர்வாக, நிதித் தன்னாட்சி இல்லாமல் இந்த அமைப்பு பொது ஒளிபரப்பாளராக முடியாது என்ற பொருளிலேயே பேசியது.

அந்த 2014ஆம் ஆண்டே என் வாதத்துக்குப் போதுமான சான்று. ஏப்ரலில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் இருந்தபோது, பாரதிய ஜனதாவின் பிரதமர் வேட்பாளராக இருந்த நரேந்திர மோடியின் பேட்டியைத் தூர்தர்ஷன் சில பகுதிகளை வெட்டி ஒளிபரப்பியது. சர்ச்சை வெடித்தபோது, பிரசார் பாரதியின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார், அமைச்சகத்திடமிருந்து போதிய சுதந்திரம் இல்லை என்பதை வாரியத்துக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். அக்டோபரில் ஆட்சி மாறியிருந்தது. விஜயதசமி அன்று ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தின் உரையை அதே தூர்தர்ஷன் நேரலையாக ஒளிபரப்பியது. ஆறு மாதத்துக்குள் சாய்வின் திசை முற்றிலும் மாறிவிட்டது. கட்டமைப்பில் மாறியது எதுவுமில்லை. எந்தக் கட்சியின் ஆதரவாளரும், தம் கட்சி எதிர்க்கட்சியாக இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அதற்குப் பின்னும் நிகழ்வுகளுக்குப் பஞ்சமில்லை. 2017இல் திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை, திருத்தி எழுதினாலன்றி ஒளிபரப்ப இயலாது என்று தூர்தர்ஷனும் வானொலியும் மறுத்தன. 2019 மக்களவைத் தேர்தலின்போது, கட்சிகளுக்கு ஒதுக்கப்படும் செய்தி நேரத்தில் சமநிலை வேண்டும் என்று தேர்தல் ஆணையமே தலையிட்டுச் சொல்லவேண்டி வந்தது. 2024 ஏப்ரலில், முதற்கட்ட வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது, டிடி நியூஸ் சேனலின் சிவப்பு இலச்சினை காவி நிறத்துக்கு மாறியது. அதே தேர்தலில், கட்சிகளுக்குரிய பிரசார நேரத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியும் பார்வர்டு பிளாக் கட்சியின் ஜி. தேவராஜனும் ஆற்றவிருந்த உரைகளிலிருந்து சில சொற்கள் நீக்கப்பட்டன. தேர்தல் ஆணையத்தின் விதிகளையே பின்பற்றினோம் என்பது தூர்தர்ஷன் தரப்பின் விளக்கம். ஆளும் அரசை விமர்சிக்கத்தான் எதிர்க்கட்சிக்கு அந்த நேரமே ஒதுக்கப்படுகிறது. அந்த விமர்சனத்தின் சொற்களை, அதே அரசிடம் சம்பளம் பெறும் நிறுவனம் முன்கூட்டியே படித்துச் சரிபார்க்கும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றையும் சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்கு இருந்த பொதிகை என்ற அழகான பெயர் நீக்கப்பட்டு டிடி தமிழ் ஆக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவும் இந்தி மாத நிறைவு விழாவும் ஒரே மேடையில் ஆளுநர் முன்னிலையில் நடந்தபோது, தமிழ்த்தாய் வாழ்த்தில் 'தெக்கணமும் அதிற்சிறந்த திராவிடநல் திருநாடும்' என்ற அடி பாடப்படாமல் விடப்பட்டது. பாடியவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டது. அந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஒரு மாநிலத்தின் மொழியில் ஒளிபரப்பவே தொடங்கப்பட்ட நிலையத்தின் பொன்விழாவை இன்னொரு மொழியின் மாத விழாவோடு சேர்த்து நடத்தலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு, அதில் முரண் எதுவும் தோன்றாமல் போனதே என்னை அதிகம் வருத்தியது. முடிவுகள் டெல்லியை நோக்கியே எடுக்கப்படும் நிறுவனத்தில் அப்படித் தோன்றாமல் போவதில் வியப்பும் இல்லை.

இத்தனை குறைகள் இருந்தால் இழுத்து மூடிவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இந்நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளை எட்டுகிறது. கேபிளுக்குப் பணம் கட்ட இயலாத குடும்பங்கள் பலவற்றுக்கு உலகம் அதன் வழியாகவே வருகிறது. டிஆர்பி எனும் பார்வையாளர் எண்ணிக்கைக் கணக்கின் நெருக்கடிக்கு அஞ்சாமல் வேளாண்மை, செவ்வியல் இசை, நாட்டார் கலை, நாடாளுமன்றச் செய்தி ஆகியவற்றுக்கு நேரம் ஒதுக்கும் வசதி எந்தத் தனியார் சேனலுக்கும் இல்லை. தூர்தர்ஷன் நமக்கு இடம் தராது என்று கட்சிகள் தத்தமக்குத் தனிச் சேனல் தொடங்கிக்கொண்டதால் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்கிறோம். இன்று ஒரே போராட்டம் ஒரு சேனலில் எழுச்சியாகவும் அடுத்த சேனலில் பிசுபிசுப்பாகவும் காட்டப்படுகிறது; நடந்தது என்ன என்பதை அறிய இரண்டையும் பார்க்கவேண்டியிருக்கிறது. இவற்றுக்கு நடுவில் எவரும் நம்பிப் பார்க்கக்கூடிய ஒரு பொதுச் சேனல் இருந்திருந்தால் அதன் அருமை புரிந்திருக்கும்.

என் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு வாரம், ஒரே நேரச் செய்தி அறிக்கையை, கைபேசியில் நேரங்காட்டியை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆளுங்கட்சியினர் சொந்தக் குரலில் பேசிய விநாடிகளையும் எதிர்க்கட்சியினர் சொந்தக் குரலில் பேசிய விநாடிகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள். மறுநாள் காலை நாளிதழின் முதல் பக்கத்தில் இருந்து, முந்தைய இரவின் தொலைக்காட்சி அறிக்கையில் இல்லாமல்போன செய்திகளையும் எழுதுங்கள். விட்டுப்போனவற்றின் பட்டியலுக்கே கூடுதல் கவனம் கொடுங்கள், ஏனெனில் திரையில் வராத ஒன்றைப் பார்வையாளர் தானாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்தில் இந்தக் குறிப்புகளோடு தேர்தல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். தேதியும் நேரமும் விநாடிக் கணக்கும் உள்ள புகாரை வெறும் குமுறல் என்று ஒதுக்கிவிட முடியாது. மற்ற காலங்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரசார் பாரதி அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அமைப்பு. 10 ரூபாய் கட்டணத்தில் இணையவழியாகவே மனு செய்யலாம், 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். குறிப்பிட்ட நாளின் செய்தி அறிக்கைக்கான ரன்டவுன் நகல், குறிப்பிட்ட நேரலைக்கு அனுமதி வழங்கிய கோப்பின் நகல், ஒரு பொதுக்கூட்டத்தின் ஒளிபரப்புக்கு ஆன செலவு விவரம் என்று ஒவ்வொன்றாக, தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் மறுக்கப்பட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.